ஸ்டீயரிங் தவிர

சனிக்கிழமை தோறும் மெரேபேங்கிலிருந்து வருகிறார் பூபாலன்.
கையில் ஸ்பானர் பெட்டி, ஒரு டப்பா துரு எண்ணெய்.
அவருடைய கார்ட்டினாவைக் கடற்காற்று தின்றுவிட்டதாம்.
தரையில் ஓட்டை, அதன் வழியே ரோடு ஓடுவது தெரியுமாம்.
என்னுடையது இங்கே, நார்த்டேலில், கராஜுக்குள்
பதினோரு வருஷம் காய்ந்துகொண்டு நின்றது.
அதே அறுபத்தொன்பதாம் வருஷத்து வண்டி.
"மொத்தமா தர்றீங்களா அக்கா?"
"ஒவ்வொன்றாகத் தருகிறேன்."

முதலில் கிரில்.
பிறகு இடப்பக்க மட்கார்டு.
பிறகு கார்புரேட்டர்.
ஆட்டு ஈரல் வாங்கிப் போகிறவர் போல
காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோனார்.

பேரம் தெரியாதவள் என்று நினைத்திருப்பார்.
மார்க்கெட்டில் இருபத்தாறு வருஷம்
கொத்தமல்லிக் கட்டு விற்ற வாய் இது.
"பின் விளக்கு ஒண்ணு கீறியிருக்கே."
"கீறியது நானில்லை. அதனால் தள்ளுபடியும் இல்லை."

அவர் உயிரோடிருந்தவரை
நான் உட்கார்ந்தது இடப்பக்கம்.
மடியில் சோற்றுப் பாத்திரம், மேலே ஈரத்துணி.
எனக்கும் கற்றுக்கொடுங்களேன் என்றேன் ஒருநாள்.
கிளட்ச் தேய்ந்துபோகும் என்றார்.
அந்தக் கிளட்சைப் பூபாலன் கழற்றி
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.
"பாதிகூடத் தேயலையே அக்கா."
எண்ணூறு ராண்ட்.

எண்ணூறு ராண்ட் என்றால்
நொக்குலுங்காவிடம் நான்கு மணி நேரம்.
அவளுடைய சின்ன டொயோட்டாவின் கூரையில் சிவப்பு எழுத்து,
உள்ளே ஆரஞ்சுத் தோல் வாசனை.
"கண்ணாடியைப் பாருங்கள், மா. ரோட்டைப் பாருங்கள். திரும்பக் கண்ணாடி."
கிரில், லர்னர்ஸ் பரீட்சைக்குப் போனது.
மட்கார்டில் ரிவர்ஸ் படித்தேன்.
கியர்பாக்ஸ் முழுவதையும்
ஏற்றத்தில் நிற்பது ஒன்றே தின்றது.

ஏற்றத்தில் ஓர் அங்குலம் பின்னால் உருண்டால் போதும்,
அதிகாரி பேனாவை மூடிவிடுவார்.
மார்ச் மாதம் உருண்டேன்.
அரை அங்குலம்தான், இன்றைக்கும் சொல்வேன்.
வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல்
பூபாலனுக்குப் போன் போட்டேன்:
"முன் கண்ணாடி ரப்பர் வேண்டுமா?"

தரைத் தகட்டை வெட்டிய சாயங்காலம் கரண்ட் போயிற்று.
கிரைண்டர் பாதியில் ஊளையை விழுங்கிக்கொண்டது.
சீட்டுகள் ஏற்கனவே விற்றாயிற்று.
நான் ஒரு பெயின்ட் டப்பாமேல், அவர் டயர்மேல்.
இருட்டில் கேட்டார்,
"இந்தக் காசையெல்லாம் என்ன செய்றீங்க?"
"பெட்ரோலுக்குச் சேர்க்கிறேன்."
சிரித்தார். நானும் சிரித்தேன்,
வேறு காரணத்துக்கு.

இப்போது செங்கல்மேல் வெறும் கூடு.
லைசென்ஸ் ஆபீசில் வண்டி செத்ததாக எழுதிக் கொடுத்தாயிற்று.
எஞ்சியது ஸ்டீயரிங்.
அவருடையது வெடித்து, கறுப்பு டேப் சுற்றி ஓடுகிறது.
ஐந்நூறு என்றார். எழுநூறு.
ஆயிரம் என்றபோது கொஞ்சம் கோபம் வந்தது அவருக்கு.
"வண்டியே இல்ல, இதை வச்சு என்ன பண்ணுவீங்க?"

பாத்திரம் கழுவி முடித்ததும்
சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து
மடியில் வைத்துத் திருப்புவேன்.
முழு இடது. மெல்ல நேராக்கு.
அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே
இடிக்காமல் பின்பக்கமாக நுழைத்துவிட்டேன்
செவ்வாய், புதன், நேற்றும்.

இன்று ஹாரன் கேட்டது.
பளபளவென்று வாசலில், பாதி அவருடையது பாதி என்னுடையது.
"ஏறுங்க அக்கா, ஒரு ரவுண்ட்" என்று
இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்தார்.
என் கதவுதான். கீல் முனகுவதை வைத்தே தெரியும்.
வண்டியைச் சுற்றி நடந்தேன்.
பானெட் சூடாக இருந்தது. கொஞ்ச நேரம் கை வைத்திருந்தேன்.

பரீட்சை பன்னிரண்டாம் தேதி.
"பதிமூணாம் தேதி வாங்க" என்றேன்,
"அந்த டேப் சுத்தினதைக் கழற்றி வச்சிட்டு."